வெலிங்டன் ரெட் ராக்ஸ் நடை: முகட்டில் பாதியில் திரும்பியது அப்பாவாலா?

நெல்லைப்பெண் | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. மனசில் ஒன்று உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன்.

அப்பா ஜூனில் திருநெல்வேலியிலிருந்து நியூசிலாந்துக்கு, வெலிங்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயது 66. ஊரில் மாதம் ஒருமுறை தோரணமலை முருகன் கோயில் படி ஏறுகிறவர். இங்கே வந்து குளிரில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அவருக்காகத்தான் ஒரு ட்ராம்பிங் (மலைநடை) கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நடைக்குப் பெயர் கொடுத்தேன். உறுப்பினர் ஆவதற்கு முன் ஓரிரண்டு முறை வந்து பார்க்கலாம் என்றார்கள்.

வழி இதுதான்: ஓவைரோ பேயில் காலை 9 மணிக்குக் கூடி, கடலோரமாகவே ரெட் ராக்ஸ், அங்கிருந்து சின்க்ளேர் ஹெட் முனையில் கடல்நாய்களைப் பார்ப்பது. பிறகு கொஞ்சம் திரும்பி வந்து செங்குத்தான மண்பாதையில் முகட்டுக்கு ஏறி, முகட்டோடு ஹாக்கின்ஸ் ஹில் உச்சியில் இருக்கும் வெள்ளை ரேடார் உருண்டை வரை போய், டிப் ட்ராக் என்ற பாதை வழியாகக் கார் நிறுத்திய இடத்துக்கே இறங்குவது. மொத்தம் 14 பேர்.

கடலோரம் எவ்வளவு அருமையாக இருந்தது தெரியுமா? வெயில். காற்றே இல்லை. சரளைக் கல்லில் கால் புதையப் புதைய நடந்தோம். அப்பா சின்னப் பையனைப் போல ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். கடல்நாய் இருக்கும் இடத்தைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிட்டது, அப்படியே கருவாட்டு மண்டி வாசனை. பாறை என்று நினைத்தது தும்மியதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இங்கே வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை.

ஏற ஆரம்பித்ததும் அப்பா பின்தங்கினார். ஒரு பெண்மணி கடைசி ஆளாக எங்களோடேயே வந்தார், நல்லவர். முகட்டை நெருங்கும்போது முன்னால் போனவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். லீடர் கையை உயர்த்தித் தலைகளை எண்ணினார். ஏதோ சொன்னார். அவ்வளவுதான், எல்லாரும் வந்த வழியே இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களைக் கடந்து இறங்கிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர், இப்படி மெதுவாகப் போனால் எங்கே முடிக்கிறது என்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும்.

வீட்டுக்கு வரும்வரை அவர் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "என்னால எல்லாருக்கும் ஒரு நாள் கெட்டுப்போச்சு" என்றார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஒருவர் மெதுவாக நடந்தால் மொத்தக் கூட்டத்தையும் திருப்பிவிடுவார்களா?


நியூடவுன் வாசி | ஞாயிறு, இரவு 9.48

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சகோதரி. அப்பாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. முகட்டில் காற்று எப்படி இருந்தது? நான் இன்று மதியம் ப்ரூக்ளின் காற்றாலைப் பக்கம் போயிருந்தேன், கார்க் கதவைத் திறக்க முடியவில்லை.


நெல்லைப்பெண் | ஞாயிறு, இரவு 10.02

நாங்கள் நின்ற இடத்தில் காற்று இருந்தது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. மேலே இன்னும் ஐம்பது அறுபது அடி ஏற வேண்டியிருந்தது. முன்னால் நின்றவர்களின் ஜாக்கெட் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.


பழைய முதுகுப்பை | திங்கள், காலை 6.35

தங்கச்சி, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் இரண்டு பதிவுகளிலேயே இருக்கிறது. கடலோரத்தில் காற்றே இல்லை என்கிறீர்கள். முகட்டில் ஜாக்கெட் அடித்துக்கொண்டது என்கிறீர்கள். நான் இந்த ஊர் கிளப்புகளோடு இருபது வருடமாக நடக்கிறேன். தென்கரையில் ஆளை ஏமாற்றுவதே இதுதான்.

நேற்று அடித்தது வடமேற்குக் காற்று. ஓவைரோ பேயிலிருந்து சின்க்ளேர் ஹெட் வரை உள்ள கரை தெற்குப் பார்த்த கரை. வடக்கிலிருந்து வரும் காற்றை மலை மறைத்துவிடும், கீழே வெயில் காய்ந்துகொண்டு நடக்கலாம். அந்த மறைப்பு முகட்டின் உச்சியில் முடிந்துபோகும். கடைசி இருபது அடியில் எல்லாம் மாறிவிடும். கீழே சட்டை அசையாது, மேலே நிற்கவே முடியாது.

நீங்கள் திருநெல்வேலி என்பதால் ஆரல்வாய்மொழியைச் சொன்னால் சட்டென்று புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகக் காற்று பிதுங்கி வருவதால்தானே முப்பந்தல் முழுக்கக் காற்றாலை நிற்கிறது? இங்கே கணவாய்க்குப் பதில் குக் நீரிணை. இரண்டு பெரிய தீவுகள், இரண்டிலும் மலைத்தொடர்கள், நடுவில் குறுகிய இடத்தில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர் இடைவெளி. மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். நீங்கள் ஏறிய முகடு அந்த வாசற்படியிலேயே நிற்கிறது. மாக்காராவில் 62 காற்றாலைகளை அதே வரிசைக் குன்றுகளில்தான் நட்டிருக்கிறார்கள்.

ஹாக்கின்ஸ் ஹில் உயரம் 495 மீட்டர்தான், நம் ஊர் மலைகளோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் முகட்டுப் பாதையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முட்செடியும் புல்லும்தான். அங்கே ஏறிவிட்டால் டிப் ட்ராக் இறக்கம் வரும்வரை காற்றில்தான் நடந்தாக வேண்டும்.

நேற்று மதியம் தெற்குக் காற்று திரும்பும் என்றும் முன்னறிவிப்பு இருந்தது. லீடருக்கு முன்னால் இருந்த கணக்கு இதுதான்: இப்போது வடமேற்கு அடிக்கிறது, இன்னும் சில மணி நேரத்தில் தெற்கு வரும், கையில் 14 பேர். அந்த இடத்தில் நான் இருந்தாலும் திருப்பித்தான் இருப்பேன், 14 பேரும் ஓட்டப்பந்தயக்காரர்களாக இருந்தாலும்.


நெல்லைப்பெண் | திங்கள், காலை 7.50

ரொம்ப நன்றி அண்ணா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆரல்வாய்மொழி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நான் எம்மாத்திரம்" என்றார். (இங்கே குளிர்காலம், அங்கே ஆடி மாதம். அவர் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்.)

ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். தெற்குக் காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம் என்கிறார். தெற்கிலிருந்து வருவது தென்றல் அல்லவா?


பழைய முதுகுப்பை | திங்கள், காலை 8.15

அப்பா கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, குளிரும். தெற்கிலிருந்து வருவது தென்றல், சுகமாக இருக்கும். மேற்கு கோடை, கிழக்கு கொண்டல். பூமத்திய ரேகையைத் தாண்டி இங்கே வந்தால் முதல் இரண்டும் இடம் மாறிவிடும். இங்கே வடக்குக் காற்று வெதுவெதுப்பானது. தெற்கே அண்டார்ட்டிகா வரை மறிப்பதற்கு நிலம் கிடையாது, அந்தக் குளிரைச் சுமந்துகொண்டு வருவதுதான் இந்த ஊர்த் தென்றல். திரும்பும்போது கதவைச் சாத்தியது மாதிரித் திரும்பும். பத்து நிமிடத்தில் கை விரல் விறைத்துப்போகும். கடலோரத்தில் மலை மறைத்ததே, அந்த மறைப்பும் அப்போது இருக்காது. அலை நேராகக் கரையில் வந்து அறையும்.

நான் வந்த புதிதில் வாடை என்றால் ஸ்வெட்டர், தென்றல் என்றால் வெறும் சட்டை என்று பழக்கதோஷத்தில் கிளம்பி நடுங்கியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், திசைக்குப் பெயர் வைத்தவர்கள் தப்பு செய்யவில்லை, நாம்தான் பூமியின் மறுபக்கம் வந்துவிட்டோம்.


நல்லூரான் | திங்கள், மாலை 6.10

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம். காற்று விசயம் எல்லாம் சரி. ஆனால் 66 வயது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு பிள்ளை முதலே சொல்லியிருந்தால், அந்த நடை என்ன தரம் என்று கிளப் விளங்கப்படுத்தியிருக்க வேண்டும் அல்லவா? ஈசி, மீடியம், ஃபிட் என்று போடுகிறார்கள். புதிதாக வருகிற எங்களுக்கு அது என்ன விளங்கும்? இவர்கள் ஈசி என்பது எனக்கு மூச்சு வாங்கும் ஏற்றமாக இருந்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வந்து முதலாவது வருசம், ஒரு குழுவோடு போனேன், பெயர் வேண்டாம். சப்பாத்து நாடா அறுந்துவிட்டது. குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை. முன்னுக்குப் பாதை இரண்டாகப் பிரிகிறது. நாற்பது நிமிடம் அந்த இடத்திலேயே நின்றேன். தொலைபேசியில் சிக்னல் இல்லை. கடைசியில் ஒருவர் தேடி வந்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கிளப் நடைக்கே போவதில்லை, மனுசியும் நானும் தனியாகத்தான் போகிறோம்.

உங்கள் அப்பாவின் மனநிலை எனக்கு நல்லா விளங்குகிறது தங்கச்சி. பின்தங்கினவன் மனசு பின்தங்கினவனுக்குத்தான் தெரியும்.


பழைய முதுகுப்பை | திங்கள், இரவு 8.05

நல்லூரான், உங்களுக்கு நடந்தது தப்பு, அதில் இரண்டு பேச்சே இல்லை. பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் வரும்வரை முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும். கிளப் நடையில் முதலில் சொல்லித்தருவதே இதுதான். அதற்காகத்தான் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு பேரை வைக்கிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒதுக்குப்புறமாகப் போக வேண்டும் என்றால் முதுகுப்பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், பையைப் பார்த்துக் கடைசி ஆள் நின்றுகொள்வார். சின்ன விஷயம்தான், ஆனால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

நெல்லைத் தங்கச்சி நடையில் அந்தக் கடைசிப் பெண்மணி கூடவே வந்திருக்கிறார், லீடர் தலை எண்ணியிருக்கிறார். அந்த அளவில் அவர்கள் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

தரம் பற்றிச் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டில் ட்ராம்பிங் கிளப் என்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். வெலிங்டனில் 1919இல் தொடங்கிய தராருவா ட்ராம்பிங் கிளப்தான் நாட்டிலேயே முதலாவது. சின்ன வயதிலிருந்து மலையில் வளர்ந்தவர்கள் போட்ட அளவுகோலில்தான் ஈசி, மீடியம் எல்லாம் இருக்கின்றன. நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான்: தரத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். லீடருக்கு ஃபோன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம்? எத்தனை மணி நேரம்? நடுவில் திரும்ப வழி உண்டா? இதற்குப் பதில் சொல்லாத லீடர் யாரையும் நான் பார்த்ததில்லை.


கரோரி அக்கா | செவ்வாய், காலை 10.40

நெல்லைப்பெண்ணே, அப்பா என்ன உடுத்திக்கொண்டு போனார்? இதை யாரும் கேட்கவில்லையே.


நெல்லைப்பெண் | செவ்வாய், மதியம் 12.15

ஜீன்ஸ் அக்கா. உள்ளே பருத்திப் பனியன், மேலே முழுக்கைச் சட்டை, என் வீட்டுக்காரரின் ஜாக்கெட். கடலோரத்தில் ஓர் அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டது. காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.


கரோரி அக்கா | செவ்வாய், மதியம் 1.30

அதைத்தான் நினைத்தேன். திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே அம்மா, நானும் முதல் வருடம் சுடிதாரில் போனவள்தான். நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

நனைந்த ஜீன்ஸோடு முகட்டுக் காற்றில் இரண்டு மணி நேரம் நடந்திருந்தால், தாமதம் எல்லாம் ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. அப்பாவின் உடல் சூடுதான் பிரச்சினையாகியிருக்கும். பருத்தி நம் ஊருக்கு வரப்பிரசாதம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். அந்தக் குணமேதான் இங்கே ஆளைக் கொல்லும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பாகவே இருக்கும்.

உடல் சூடு குறைவது ஆளுக்குத் தெரியாது, கூட வருகிறவர்தான் கவனிக்க வேண்டும். சமதரையில் கால் இடறும். பேச்சு குழறும், முணுமுணுப்பாகும். ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல் வராது. காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், இல்லை என்றால் ஒரேயடியாக அமைதியாகிவிடுவார்கள். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே நின்று, காற்றுக்கு ஒதுங்கி, ஈரத்தை மாற்றி, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது சீக்கிரமாக வரும்.

புதுசாக ஆயிரம் டாலர் செலவழிக்க வேண்டாம். பழைய துணி விற்கும் ஆப் ஷாப்பில் மெரினோ கம்பளிப் பனியன் பத்து பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். நான் வேலை முடிந்து வரும் வழியில் அடிக்கடி நுழைந்து பார்ப்பேன். ஒன்று உள்ளே, ஒன்று பைக்குள் உலர்ந்ததாக, பிளாஸ்டிக் உறையில் சுற்றி. கால்சட்டை எதுவானாலும் சீக்கிரம் காய்கிற சிந்தெட்டிக். கம்பளிக் குல்லாய், கையுறை. மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். சாப்பாட்டை எப்போதும் ஒரு வேளைக்கு அதிகமாகவே எடுத்துக்கொள். நான் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் சின்ன ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியும் கொண்டுபோவேன். முகட்டில் உட்கார்ந்து அந்த ஃபிளாஸ்கைத் திறந்தால் கிளப்பில் பாதிப் பேர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.


நியூடவுன் வாசி | செவ்வாய், இரவு 9.00

அக்கா சொன்னதோடு ஒன்று. அந்தக் கரையை வெயிலில் பார்த்துவிட்டு லேசாக எடைபோடக் கூடாது. உங்கள் சின்க்ளேர் ஹெட்டைத் தாண்டி மேற்கே போனால் டெராவிட்டி முனை. 1909 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, பிக்டனிலிருந்து வெலிங்டனுக்கு வந்த பெங்குவின் என்ற நீராவிக் கப்பல் அங்கே மூழ்கி 75 பேர் இறந்தார்கள். அதில் பலரைக் கரோரி கல்லறையில் அடக்கம் செய்திருக்கிறார்கள், நான் போய்ப் பார்த்திருக்கிறேன். 1968 ஏப்ரல் 10இல் வஹீன் கப்பல் துறைமுக வாசலிலேயே பாறையில் மோதியதும் இப்படித் திரும்பிய காற்றில்தான். கப்பல்களையே புரட்டிய காற்று அது. ஒரு லீடர் அதைப் பார்த்துத் திரும்பினார் என்றால் அவருக்கு என் கும்பிடு.


நல்லூரான் | புதன், காலை 7.20

நியூடவுன் அண்ணை, திரும்பினது பிழை என்று நானும் சொல்லவில்லை. திரும்பினதற்கு என்ன காரணம் என்று கடைசியில் நின்ற ஆளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அவர் தன் தலையில்தானே போட்டுக்கொள்வார்? அந்த லீடருக்கே ஒரு மடல் போட்டுக் கேளுங்கள் தங்கச்சி. கேட்டால் குறைந்துபோக மாட்டீர்கள்.


நெல்லைப்பெண் | வியாழன், இரவு 8.45

நல்லூரான் அண்ணா சொன்னபடியே எழுதிக் கேட்டேன். இன்று பதில் வந்தது, நீளமாக. கொஞ்சம் அழுதுவிட்டேன். சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்.

முகட்டில் முன்னால் போன இரண்டு பேரைக் காற்று கீழே தள்ளியிருக்கிறது. ஒருவருடைய மூக்குக்கண்ணாடி பறந்தே போய்விட்டது, முழங்கையில் சிராய்ப்பு. லீடர் தானே தவழ்ந்துதான் திரும்பி வந்தாராம். நாங்கள் பின்னால் இருந்ததால் இது எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. காரணத்தை அவர் கத்திச் சொன்னாராம், காற்றில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. கீழே இறங்கி, காற்று மறைந்த இடத்தில் எல்லாரையும் நிறுத்தி இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு என்று எழுதியிருக்கிறார்.

அப்பாவைப் பற்றிய வரிதான் முக்கியம். நான் பெயர் கொடுக்கும்போதே வயதைச் சொல்லியிருந்ததால், அவருடைய வேகத்தைக் கணக்கில் வைத்துத்தான் நேரமே போட்டாராம். திரும்பும்போது போட்ட நேரத்தைவிடக் கால் மணி நேரம்தான் பின்தங்கியிருந்தோம். அதற்கு மதியச் சாப்பாட்டில் ஈடுகட்ட இடம் வைத்திருந்தாராம்.

அப்பாவிடம் வரிவரியாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தக் கண்ணாடி போன பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். அதைக் கேட்டு எழுதச் சொன்னார்.


கரோரி அக்கா | வியாழன், இரவு 9.10

அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். உடுப்பு அளவு அனுப்பு, சனிக்கிழமை ஆப் ஷாப் போகிறேன்.


நல்லூரான் | வியாழன், இரவு 9.40

நல்ல மனுசன். அந்த லீடரும் நல்ல மனுசன். தன்னில் பிழை என்று எழுதுகிற ஆட்கள் கொஞ்சப் பேர்தான். எனக்கும் அண்டைக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டவர்தான், நான்தான் கோபத்தில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.


நெல்லைப்பெண் | வெள்ளி, காலை 9.00

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா ரெட் ராக்ஸில் ஒரு சிவப்புக் கல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளங்கை அளவு. செம்மண் சிவப்பில் பச்சை ரேகை ஓடுகிறது. பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அது என்ன கல் என்று தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா? அப்பா கேட்கிறார்.


பழைய முதுகுப்பை | வெள்ளி, மதியம் 12.50

அது கடலுக்கு அடியில் குழம்பாகக் கக்கி உறைந்த எரிமலைப் பாறை. குழம்பு தண்ணீரில் பட்டதும் தலையணை தலையணையாக உருண்டு உறையும். வயது இருபது கோடி ஆண்டுக்கு மேல். சிவப்பு வந்தது இரும்பு ஆக்சைடால், நம் தேரி மணலின் சிவப்புக்குக் காரணமும் அதுவேதான், உடன்குடிப் பக்கம் அப்பா பார்த்திருப்பார்.

ஆனால் தங்கச்சி, ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த இடம் அறிவியலுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதி. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்கள் அதைப் பாரிவேரோ என்பார்கள், சிவப்புப் பாறை என்றே பொருள். அந்தச் சிவப்புக்கு அவர்களிடம் இரண்டு கதை இருக்கிறது. கடலோடி கூபே அங்கே பாவா சிப்பி எடுக்கும்போது கையில் அடிபட்டு ரத்தம் சிந்தினார் என்பது ஒன்று. அவர் திரும்பி வர வெகுநாள் ஆனதால், இறந்துவிட்டார் என்று அவருடைய பெண்மக்கள் துக்கத்தில் தங்கள் உடம்பைக் கீறிக்கொண்ட ரத்தம் என்பது இன்னொன்று. எந்தக் கதையானாலும் அங்கிருந்து கல்லை எடுத்துவரக் கூடாது. அப்பா தெரியாமல் செய்ததுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.


நெல்லைப்பெண் | வெள்ளி, மாலை 5.25

அப்பாவிடம் சொன்னேன். இரண்டாவது கதையில் நிறுத்தச் சொன்னார். அலமாரியிலிருந்து கல்லை எடுத்து, துடைத்து, அவருடைய துண்டில் சுற்றி வாசற்பக்கம் வைத்துவிட்டார். "காணாமப் போன அப்பனுக்காகப் பிள்ளைங்க சிந்தின ரத்தத்தை நம்ம வீட்டுல வைக்கலாமா? நாளைக்கே கொண்டுபோய் வச்சிரணும்" என்கிறார்.

முன்னறிவிப்பு என்ன என்று பார்த்தீர்களா யாராவது?


பழைய முதுகுப்பை | வெள்ளி, மாலை 6.00

பார்த்தேன். நாளை தெற்கு, அலை பெரிதாக இருக்கும், போகாதீர்கள். ஞாயிறு லேசான வடக்கு, நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்புகளை உள்ளே விடுவதில்லை, அமைதியாக நடக்கலாம். முகட்டுக்குப் போக வேண்டாம், கரையோடு போய்க் கரையோடு திரும்புங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கடல்நாயிடமிருந்து 20 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அதற்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள். பயந்தால் அது நேராகக் கடலுக்குத்தான் ஓடும், பார்ப்பதைவிட வேகமாக. இந்த மாதத்தில் அங்கே கிடப்பவை எல்லாம் ஆண்கள், அக்டோபர் வாக்கில் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.


நல்லூரான் | வெள்ளி, இரவு 7.15

ஞாயிறு நாங்களும் வரலாமா? மனுசிக்கும் கடல்நாய் பார்க்க ஆசை. எட்டரைக்கு ஓவைரோ பேயில் நிற்போம். கடைசி ஆளாக நான் வருகிறேன்.


நெல்லைப்பெண் | ஞாயிறு, மதியம் 2.30

போய் வந்துவிட்டோம். அப்பா கரோரி அக்கா கொடுத்த நீலக் கம்பளிப் பனியனில், அதற்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவேன் என்றவரைப் பிடித்துவைத்துக் கால்சட்டை போடவைத்தேன்.

கல்லை எங்கே எடுத்தார் என்று அவருக்கே சரியாக ஞாபகம் இருந்தது. பெரிய பாறையின் கடல்பக்கம், மாட்டு வார் மாதிரித் தடித்த கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளம். குனிந்து வைத்தார். கொஞ்சம் நகர்த்தி, பச்சை ரேகை மேலே தெரிகிற மாதிரித் திருப்பிவைத்தார். ஓர் அலை வந்து நனைத்ததும் சிவப்பு அப்படியே ஏறியது. நல்லூரான் அண்ணாவின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது அப்பா நல்லூரான் அண்ணாவோடு பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். நான்தான் கடைசி. பாதை பிரியும் இடத்தில் இரண்டு பேரும் நின்று எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் கேள்வி ஒன்று: பேக்காகாரிக்கியிலிருந்து புகெருவா பே வரை மலைச்சரிவில் 10 கி.மீ. நடை இருக்கிறதாமே, எஸ்கார்ப்மென்ட் ட்ராக். இரண்டு பக்கமும் ரயில் நிலையம், கபிட்டி தீவு எதிரில் தெரியும், நடுவில் நூற்றுக்கணக்கில் படி என்று நல்லூரான் அண்ணா சொன்னார். படி என்றதும் பிடித்துக்கொண்டார். அங்கே காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?


பழைய முதுகுப்பை | ஞாயிறு, மாலை 4.10

அங்கே சரிவு மேற்குப் பார்த்தது. வடமேற்கு வந்தால் நேராக முகத்தில் அடிக்கும். பாதையும் பல இடத்தில் ஒற்றையடிதான், ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, இரண்டு தொங்கு பாலம், உச்சி 220 மீட்டர். காற்று அடங்கிய நாளில் போகலாம். தலை சுற்றும் பழக்கம் அப்பாவுக்கு உண்டா, முதலில் அதைச் சொல்லுங்கள்.